நல்ல கை

“நீ தொடப்பிடாது, கேட்டியா” என்றார்.

நான் தொடவில்லை. அடுக்களை வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். உதவிக்குப் போகாமல் நிற்பதுதான் அன்றைக்கு என் வேலை.

பரீட்சை இதுதான். என் கணவர் ஞானசிங் யார் துணையும் இல்லாமல், பால் விடாத ஒரு கட்டஞ்சாயா போட்டுக் காட்ட வேண்டும். போட்டுவிட்டால் நான் குவைத்துக்கு, என் நர்ஸ் வேலைக்குத் திரும்பிப் போவேன். முடியவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருப்பேன்.

மதியத்துக்குள் டிக்கெட்டுக்குச் சொல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஸ்ட்ரோக் வந்து ஐந்து மாதம். கால் ஒருவழியாகத் தேறிவிட்டது, வீட்டுக்குள் கம்பில்லாமல் நடக்கிறார். வலது கை மட்டும் தோளில் மாட்டிவிட்ட பை மாதிரி தொங்குகிறது. பல் தேய்ப்பது, பட்டன் போடுவது, கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுவது, சோறு அள்ளுவது எல்லாம் இடது கைதான்.

பிசியோதெரபி பார்க்க வரும் சிஜின் தம்பி ஒவ்வொரு முறையும் சொல்லும். “நல்ல கை இருக்குன்னு எல்லாத்தையும் அது தலையில கெட்டாதீங்க. அதுவும் படுத்துட்டா பின்ன என்ன செய்வீங்க? வலது கையையும் வேலையில சேத்துக்கிடணும்.”

இவர் பெரிதாகத் தலையாட்டுவார். தம்பியின் பைக் தெருமுனை திரும்புவதற்குள் பழையபடி இடது கையால் ஆரம்பித்துவிடுவார். வலது கை ஒரு டப்பாவைப் பிடித்து முடிப்பதற்குள் பொழுது போய்விடுமாம்.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர். இந்த அடுக்களையே அவருடையதுதான். பத்தொன்பது வருடம் நான் அங்கே நைட் டியூட்டி பார்த்தபோது, இங்கே மீன் கழுவி, தேங்காய் அரைத்து, இப்போது கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியது இவர். நான் வருடத்துக்கு ஒரு மாதம் விருந்தாளி மாதிரி வந்து தின்றுவிட்டுப் போனேன்.

கேஸைத் திறந்தார். லைட்டரைக் கட்டைவிரலால் அழுத்தவில்லை. அடுப்பில் சாய்த்து வைத்து, அதன் தலையில் உள்ளங்கையால் குத்தினார். மூன்றாவது குத்தில் பற்றியது.

தேயிலை டப்பாவை வயிற்றுக்கும் மேடைக்கும் நடுவில் இடுக்கி, மூடியை ஒரு கரண்டிக் காம்பால் நெம்பினார். தண்ணீர் கொதித்ததும், பாத்திரத்தின் பிடியை நாலு விரலில் மட்டும் கொக்கி போல மாட்டித் தூக்கினார். தோள் காதுவரை ஏறியது. முழங்கையோடு சரித்து வடிகட்டியில் ஊற்றினார்.

ஒரு நொடி கீழுதட்டைக் கடித்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் அதைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டார்.

ஒரு சொட்டு சிந்தவில்லை. வேறு யாராவது நின்றிருந்தால் கை தட்டியிருப்பார்கள்.

நான் எலும்பு வார்டில் பத்தொன்பது வருடம் நின்றவள். அவருடைய இடது கட்டைவிரலின் அடியில் தொடங்கி மணிக்கட்டு வரை வலி. தோளுக்கும் ஏறியிருக்கிறது. நல்ல கை, நல்ல கை என்று நாங்கள் சொல்லிச் சொல்லியே அந்தக் கை கெட்டுப் போயிருக்கிறது.

இப்போதே கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால் ஆறு, ஏழு வாரத்தில் சரியாகும். ஆனால் அந்த ஆறு, ஏழு வாரமும் அவருக்குக் குளிக்க, உடுக்க, சாப்பிட பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

தெரிந்தால் நான் போகமாட்டேன் என்று நினைத்துத்தான் மறைக்கிறார். என் வேலையைக் காப்பாற்றித் தருகிறார்.

தம்ளரை என் பக்கம் தள்ளினார். குடித்தேன். சாயாவின் கடுப்பம் சரியாக இருந்தது.

“கை வலிக்குதா?” என்று கேட்டேன்.

“எந்தக் கை, இதா? போடி. எனக்கு இந்த ஒரு கை போதும். நீ தைரியமாப் போயிட்டு வா.”

வார்டில் என்றால் இன்னொரு முறை கேட்பேன். கேட்டுக்கொண்டே அந்த இடத்தில் ஒரு விரலை வைத்து அழுத்துவேன். அழுத்தியிருந்தால் கத்தியிருப்பார்.

நான் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

எனக்குக் களைப்பாக இருந்தது. அங்கே ஷிப்ட் முடிந்தால் அடுத்து வருகிறவளிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துவிடலாம். இங்கே ஐந்து மாதமாக அடுத்து வருகிறவள் என்று யாரும் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. எனக்குப் போக வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

“நல்லா இருக்கு” என்றேன். “டிக்கெட்டுக்குச் சொல்லிருதேன்.”

அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க முடியாமல் முற்றத்துக்கு வந்து, நாகர்கோவிலில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஷாஜனைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் போடச் சொன்னேன்.

“அவ்வளவு அவசரமாக்கா, லீவு முடிஞ்சிட்டா?” என்று கேட்டான்.

முடிந்துவிட்டது என்றேன்.

உனக்கு இன்னும் இரண்டு மாதம் லீவு நீட்டியிருக்கிறேன், வீட்டுக்காரரை நன்றாகக் கவனித்துக்கொள் என்று எங்கள் மேட்ரன் அனுப்பிய மெயில் வந்து எட்டு நாள் ஆகிறது.