இரண்டு இடது கைகள்

பள்ளி ஆய்வகத்தில் நின்ற எலும்புக்கூட்டுக்கு இரண்டுமே இடது கை. மாட்டியவர் செய்த தவறு அது. பதினோரு வருடமாக யாரும் கவனிக்கவில்லை.

ஒருநாள் எதிர்ச் சுவரில் புதிதாக ஒரு எலும்பு மண்டலப் படம் வந்து தொங்கியது. "அண்ணே, உங்க வலது கைக் கட்டைவிரல் தப்பான பக்கம் இருக்கே," என்றது.

எலும்புக்கூட்டுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. "மெதுவாப் பேசு தம்பி. டீச்சர் வர்றாங்க."

வகுப்பில் நிலோஃபர் என்ற மாணவி எழுந்தாள். "டீச்சர், ரெண்டுலயும் வலது கை வேற வேற மாதிரி இருக்கு. எது சரி?"

டீச்சர் மாறி மாறிப் பார்த்தார். "இது பதினோரு வருஷமா இங்க நிக்குது. அது நேத்து வந்தது," என்று சொல்லி, சிவப்புப் பேனாவால் படத்தின் கட்டைவிரலை அடித்துவிட்டு மறுபக்கம் ஒன்று வரைந்தார்.

வகுப்பு கலைந்ததும் படம் விசும்பியது.

"எனக்கும் முதல் வருஷம் சங்கடமாத்தான் இருந்துச்சு தம்பி," என்று தேற்றியது எலும்புக்கூடு. "போகப்போகப் பழகிடும்."