கவுன் மூட்டை

இடது தோள்பட்டை காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்தது. தைலம் தேய்க்க வழியில்லை. சின்ன அரங்கம், முன்வரிசை வரை மணக்கும்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிவப்பு மூக்கை மாட்டினாள். மாட்டியபின் பேசக்கூடாது, பொய் சொல்லக்கூடாது. கோமாளித் தொழிலில் சட்டம் அவ்வளவுதான்.

பகலில் கிடங்கில் மூட்டை தூக்குகிறாள். அங்கே அவளுக்குப் பெயர் 'தம்பி'. அண்ணன் அவளைக் கூப்பிடுவது 'டேய்'. சம்பளப் பதிவில் ஆண். தான் பெண் என்பதை அவள் இதுவரை யாரிடமும் வாய்திறந்து சொன்னதில்லை.

அந்த அண்ணன் இன்று மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனும் மூட்டை தூக்குகிறவன்தான். அவளோடு ஒரே அறையில் படுக்கிறவன். சிரிப்பு நாடகம் என்று மட்டும் சொல்லிக் கூட்டி வந்திருந்தாள். அவன் எழுந்து வாசலுக்குப் போனால், அவள் படுக்க வேறு இடம் பார்க்க வேண்டும்.

மேடையில் அவள் மட்டும். கையில் ஒரு சாக்கு.

சாக்கைப் பிரித்து ஒரு மஞ்சள் கவுனை எடுத்தாள். விலைச்சீட்டுகூடக் கிழிக்காதது. சட்டை பேண்ட்டுக்கு மேலேயே மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள். ஆட்கள் பார்ப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. பதறிக் கழற்றினாள். ஒரு கை வரமாட்டேன் என்றது. எப்படியோ உருவிச் சாக்கில் திணித்து வாயைக் கட்டினாள்.

இப்போது சாக்கு நகரவில்லை.

கொண்டு வரும்போது காற்றாய் இருந்தது, ஒளித்ததும் சிமெண்டு மூட்டையாகிவிட்டது. இழுத்தாள். உதைத்தாள். கும்பிட்டாள். முதுகில் ஏற்றி நாலடி தள்ளாடினாள். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

அண்ணன் சிரிக்கவில்லை.

எழுந்தான்.

"என்னடா பல்லக் காட்டிட்டு உக்காந்திருக்கீங்க? ஆள் சாயுது, தெரியல?"

நேரே மேடையேறினான். கிடங்கு முறை அது. சுமையோடு ஒருத்தன் தள்ளாடினால் பக்கத்தில் இருப்பவன் கை கொடுத்தாக வேண்டும். வாங்கின கையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிவிட வேண்டும்.

சாக்கின் அடியில் கையைக் கொடுத்தான்.

இருபது வருடமாய்ச் சுமக்கிறவன். தொட்டாலே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவான். தராசு தப்பினாலும் அவன் கை தப்பாது.

கை ஒரு நொடி அப்படியே நின்றது. சிவப்பு மூக்கைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பவில்லை.

பிறகு அண்ணன் மூச்சை இழுத்துப் பிடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. சாக்கில் பாதியைத் தன் தோளுக்கு வாங்கி, நூறு கிலோவுக்கு வளைகிறவன் மாதிரி வளைந்தான்.

"முட்டிய மடக்கிப் புடிம்மா," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "முதுகு போயிடும்."

இருவரும் தள்ளாடித் தள்ளாடி மேடையின் மறுகோடியில் கொண்டுபோய் இறக்கினார்கள். நாடகத்தில் இது கிடையாது. கைதட்டியவர்களுக்கு அது தெரியாது.

மறுநாள் கிடங்கில் அண்ணன் ஒரு மூட்டைக்குக்கூடத் தள்ளாடவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

அவனுக்கு அவள் ஒரு கை பாக்கி.