ஏழாம் படுக்கையில் ஸ்பானிஷ் வகுப்பு

ஸ்பானிஷ் பேசிப் பழக ஆசைப்பட்ட டாக்டருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அந்த மொழி தவிர வேறெதுவும் அறியாத கப்பல் சமையல்காரர் ஒருவர், வயிற்றுவலியோடு ஏழாம் படுக்கைக்கு வந்து சேர்ந்தார்.

பேச ஆளில்லாமல் தவித்தவருக்கும் கொண்டாட்டம். ஒருநாள் டாக்டர் வாடகைக்கு வீடு கேட்பதுபோல் பேசுவார். மறுநாள் இல்லாத மனைவியோடு சண்டை போடுவார். சமையல்காரர் தலையில் அடித்துக்கொண்டு திருத்துவார்.

அன்று டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்பானிஷில் மெதுவாகச் சொன்னார்:

"கட்டி உடம்பெல்லாம் பரவிடுச்சு. இனிமே வைத்தியம் இல்ல. மூணு வாரம் தாங்கினா பெரிசு."

சமையல்காரர் கண்ணை மூடிக் கேட்டார்.

"கட்டி எங்க மொழியில ஆண்பால், டாக்டர். நீங்க பெண்பாலாக்கிட்டீங்க. மத்தபடி ஒரு பிழை இல்ல!" என்று கைதட்டினார். "ஆமா, இதை எந்தப் பாவப்பட்ட ஜென்மத்துக்கிட்ட சொல்லப்போறீங்க?"

டாக்டர் வாயைத் திறந்தார். பிறகு, அந்த ஒரு சொல்லை மட்டும் ஆண்பாலில் திருத்திச் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

வெளியே நர்ஸ் ஏழாம் படுக்கையின் கேஸ் பேப்பரை நீட்டினாள். "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா, டாக்டர்?"

"அவர் தாய்மொழியிலேயே சொல்லிட்டேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

"அழுதாரா?"

"இல்ல சிஸ்டர். பாராட்டினார்."