இடது முட்டி

வீரர்களை மாற்றிக்கொள்ள மூன்று மணிவரைதான் கெடு. மணி இரண்டு ஐம்பது. பிட்ஸ்பர்க் கூடைப்பந்து அணியின் மேலாளர் டெனிஸ், போனைக் கையால் பொத்திக்கொண்டார். மறுமுனையில் எதிரணி மேலாளர் காத்திருந்தார்.

"நம்ம பசங்க ரெண்டு பேரைக் கொடுத்தா லமான்ட் நமக்கு. ஏழடி உயரம், சென்டர் ஆட்டக்காரன். என்ன சொல்றீங்க?"

"யோசிக்கவே வேணாம்," என்றார், இந்த சீசனில்தான் வந்து சேர்ந்த கோச் ப்ரூசெக். "ஒவ்வொரு ஆட்டத்துலயும் நாப்பது நிமிஷம் அவனை இறக்குவேன். கோப்பை நமக்குத்தான்."

"வேண்டாம்," என்றார் வெர்னா. அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பதில் இருபது வருட அனுபவம் அவருக்கு. "நாப்பது நிமிஷம் ஆடினா அவனோட இடது முட்டி ஏப்ரலைத் தாண்டாது."

"டாக்டர் ரிப்போர்ட் சுத்தமா இருக்கே! அந்தப் பையன் மேல உங்களுக்கு என்னம்மா காண்டு?"

"வலியை மறைக்கிறதுல அவன் கில்லாடி. மாடி ஏறும்போது பாருங்க. ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் வெச்சு வெச்சுத்தான் ஏறுவான்."

ப்ரூசெக் சிரித்துவிட்டார். "மாடிப்படியா? அதை நீங்க எங்க பார்த்தீங்க?"

"கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தப்போ. எங்க வீட்டுல."

"உங்க வீட்டுக்கு அவன் எதுக்கு வரான்?"

மணி இரண்டு ஐம்பத்தேழு. டெனிஸ், "இல்லைங்க, விட்டுடலாம்," என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு கோச் பக்கம் திரும்பினார்.

"பெத்தவ வீட்டுக்கு வராம வேற எங்க போவான்?"

டெனிஸ் வெர்னாவைப் பார்த்தார்.

"அம்மா இருக்கிற ஊருக்கு வரணும்னு அவனே ஆசைப்பட்டான், வெர்னா. நான்தான் மறுத்துட்டேன்னு சொல்லிடட்டுமா?"

"வேண்டாம், நானே சொல்லிக்கிறேன்." வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கத்துவான். கோவிச்சுக்கிட்டு எழுந்து போவான். போகட்டும். அப்படிப் போறதுக்கும் கால் வேணுமில்ல?"