புதுப் பாறைப் பாசி

மல்லித் தோட்டத்தில் கடல்பாசிச் சாறு தெளித்ததும் பூ இரட்டிப்பாய்ப் பூத்தது. பாசி வளர்ந்த இடத்தின் வாசமும் பூவில் ஏறியது. சந்தையில் அதற்கும் கிராக்கி.

அந்தப் பாசியைக் கடலில் மூழ்கி எடுத்து வருபவள் இருளாயி. மீன்பிடிக்கப் போன அவள் புருஷன் நம்புராசன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஊர் என்ன பேசினாலும் அவள் தலையில் பூ வைப்பதை நிறுத்தவில்லை.

"என்ன பாசிடி கொண்டாந்த? பூவெல்லாம் பொயல வாசம்!" என்று கத்தினாள் தோட்டக்காரி சலேத்தம்மாள்.

"புதுப் பாறையில எடுத்தேன்க்கா."

இருளாயி ஒரு பூவை முகர்ந்தாள். புகையிலையோடு வேப்பெண்ணெய். நம்புராசன் பக்கத்தில் படுத்திருந்தால் வரும் அதே வாசம்.

தன் தலையிலிருந்த சரத்தை எடுத்துக் கீழே வைத்தாள்.

"ஒரு பூகூட விக்காதீங்கக்கா. எல்லாத்தையும் பறிச்சுக்கிறேன். அடக்கம் பண்ணணும்."