பின் சீட்டின் தீர்ப்பு

“நேத்து ஓட்டினதுல பவர் இருந்துச்சு, ஆனா இடுப்பு கழண்டு போச்சு. முந்தாநாள் ஓட்டிப் பார்த்ததுல சீட்டு மெத்தை மாதிரி. விலையைக் கேட்டாதான் தலை சுத்துது,” என்றான் கணவன்.

ஷோரூம் விற்பனையாளர் அசரவில்லை. “சுகம், வேகம், விலை மூணும் ஒத்துவர்றது எங்க ஸ்போர்ட்ஸ் டூரிங் பைக்லதான் சார். ஓட்டிப் பாருங்க.”

“பின்னாடி இவளும் உக்காரணும். தூரப் பயணத்துல முதல்ல முணுமுணுக்கறது இவதான்.”

மனைவி முறைத்தாள்.

“தாராளமா சார்!” சாவி கைமாறியது.

இருபது நிமிடத்தில் வண்டி திரும்பி வந்தது. பின் சீட் காலி.

“மேடம் எங்க சார்?” பதறினார் விற்பனையாளர்.

“பின்னாடி ஆள் இல்லாம எப்படி ஓடுதுன்னும் பார்க்கணும்ல? வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன்.”

வெளியே வந்ததும் மனைவிக்குப் போன் போட்டான். “நேரத்துக்கு ஆபீஸ் போயிட்டியா?”

“போயிட்டேன். மூணு நாளா லேட்டே இல்லன்னு மேனேஜரே பாராட்டறார். நம்ம ஸ்கூட்டர் எப்ப ரெடியாகும்?”

“மெக்கானிக் இன்னும் ரெண்டு நாள் கேக்கறான்.”

“அப்ப நாளைக்கு மறுபடி அந்த மெத்தை சீட்டையே எடுங்க. அதுலதான் ஆபீஸ் வர்ற வரைக்கும் நல்லாத் தூங்கினேன்!”