காண்டாமிருகத்தின் தாக்குதல்

எஸ்டேட் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய கனகா, நேராக ருக்சானாவின் பொம்மைக் கடைக்குள் நுழைந்தாள்.

“ஏனுங்க, பொம்மையும் கார்டும் வெச்சுச் சண்டை போடறாங்களே, அதை எப்படிங்க ஆடறது?”

ருக்சானா ஒரு பெட்டியைப் பிரித்தாள். “ஆளுக்கொரு பொம்மையை நிறுத்தி, ஒரு கார்டைக் கவுத்து வெக்கணுங்க. எதிராளி பேரைச் சொல்லி, ‘தாக்கறேன்’னு சத்தமாச் சொல்லித் திருப்பணும். பலம் அதிகமிருக்கற கார்டுக்கு ரெண்டு பொம்மையும்.”

“பேசாம ஆடினா?”

“அந்தக் கார்டு செல்லாதுங்க.”

கனகாவின் முகம் மலர்ந்தது. “இதையே குடுங்க.”

“பையனுக்கா, பொண்ணுக்கா?”

“ஊட்டுல ஒருத்தருக்குங்க. ஆட்டம்னா சோறு தண்ணி வேண்டாம்.”

வீட்டில் பாயை விரித்து டிராகனை நிறுத்தினாள். சற்று நேரத்தில் எதிரே ஒரு காண்டாமிருகம் வந்து நின்றது. கார்டும் கவிழ்ந்தது, சத்தம்தான் வரவில்லை.

“செல்லாது. பேரைச் சொல்லோணும்” என்றாள் கனகா.

விரல்கள் கார்டைத் தட்டின. தொண்டையைச் செருமும் ஓசை கேட்டது.

“கனகா… தாக்கறேன்!”

தன் பேச்சை மீறி மகளைச் சேலத்துக் கல்லூரியில் சேர்த்த கனகாவிடம் அன்றிலிருந்து வாயே திறக்காத கணவன் மாதேஷ், கார்டைத் திருப்பினான். டிராகன் பறிபோனது. கனகாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“தோத்துப்போட்டு என்னத்துக்குடி சிரிக்கறே?” என்றான் மாதேஷ்.

அதைக் கேட்கச் சொல்லி ஆட்டத்தில் எந்த விதியும் இல்லை.